மேய்ச்சல் மலையில் ஒரு வட்ட வீடு

கிர்கிஸ்தானின் நாரின் பகுதியில், கடல்மட்டத்திலிருந்து 3,016 மீட்டர் உயரத்தில் இருக்கிறது சோங்-குல் ஏரி. கரையில் மரம் என்று ஒன்று கிடையாது. புல், புல்லுக்கு அப்பால் மலை, மலையுச்சியில் பனி, அவ்வளவுதான். குளிர்காலம் முழுக்க ஏரி உறைந்து கிடக்கும். ஜூன் பிறந்ததும் கீழே உள்ள ஊர்களிலிருந்து குதிரையும் ஆடும் மாடுமாக ஓட்டிக்கொண்டு குடும்பங்கள் மேலே ஏறி வரும், செப்டம்பரில் இறங்கிவிடும். இந்தக் கோடை மேய்ச்சல் நிலத்துக்கு அவர்கள் ஊரில் ஜைலூ என்று பெயர். அதில் அவர்கள் போடும் வட்ட வீடுதான் யூர்ட்.

சோவியத் வெளியீடுகளாகத் தமிழில் வந்த, கிர்கிஸ் எழுத்தாளர் சிங்கிஸ் ஐத்மாத்தவின் ‘ஜமீலா’வையோ ‘முதல் ஆசிரிய’ரையோ படித்தவர்களுக்கு இந்த நாடு முற்றிலும் அந்நியமாக இருக்காது. அந்தப் புல்வெளியின் வாசனையைப் பக்கங்களிலேயே முகர்ந்தவர்கள் அவர்கள்.

இப்போது அந்த ஏரிக்கரைக்குப் பயணிகளும் வருகிறார்கள். சைக்கிளில் வருபவர்கள் டென்ட் அடிக்கிறார்கள். ஐரோப்பாவிலிருந்து சாலை வழியாகவே வருபவர்கள் படுக்கையும் அடுப்பும் வைத்த கேரவன் வண்டிகளை நிறுத்துகிறார்கள். பெரும்பாலானவர்கள் மேய்ச்சல் குடும்பங்களின் யூர்ட்டில் காசு கொடுத்துத் தங்குகிறார்கள். மூன்றுமே நல்லவைதான். ஆனால் முதல்முறை போகிறவருக்கு யூர்ட்டைத்தான் சொல்வேன். அதை அழகான ஓட்டல் அறையாக நினைத்துப் போனால் பாதிதான் கிடைக்கும். அது வேலை நடக்கும் வீடு. வருடத்தில் மூன்று மாதம் ஒரு குடும்பம் பால் கறந்து, வெண்ணெய் எடுத்து, குளிர்காலத்துக்குச் சேர்த்துவைக்கும் இடம். அந்த வேலையைக் கவனிக்கத் தெரிந்தவருக்கே அந்த வீடு முழுதாகத் திறக்கும்.

அதனால் ஒரே இரவில் திரும்பாதீர்கள். தலைநகர் பிஷ்கேக் ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காலையில் அங்கே கிளம்பி, 3,446 மீட்டரில் உள்ள கல்மாக்-அஷூ கணவாயைத் தாண்டி, மாலையில் ஏரியில் இறங்கினால் முதல் இரவு பலருக்குத் தலைவலியிலேயே கழிந்துவிடும். வழியில் கோச்கோர் ஊரில் ஓர் இரவு தங்கிவிட்டு, ஏரிக்கரையில் இரண்டு இரவு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்வெட்டரும் குல்லாவும் ஜூலையிலும் வேண்டும். பகலில் வெயில் சுடும், இரவில் நடுக்கும், நடுக்கோடையிலும் சில நாள் பனி விழும்.

உள்ளே போனதும் பையை ஓரமாக வைத்துவிட்டு மல்லாந்து படுத்து மேலே பாருங்கள். நடு உச்சியில் மரத்தால் ஆன ஒரு வளையம், அதன் குறுக்கே வளைந்த சட்டங்கள். இதுதான் துண்டுக். கிர்கிஸ்தானின் தேசியக் கொடியில் சூரியனுக்கு நடுவே இருப்பது இதே வளையம்தான். அதன் விளிம்பில் வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒரு கழி செருகியிருக்கும். கழியின் கீழ்முனையைச் சூடாக்கி வளைத்திருப்பார்கள். யூர்ட்டின் தோள் உருண்டிருப்பதற்கு அந்த வளைவுதான் காரணம். மங்கோலியர்களின் வீட்டில் கழிகள் நேராக இருக்கும். கூரையும் தட்டையாகத் தெரியும். கழிகள் வந்து நிற்பது சுற்றுச்சுவரின் மேல். அது சுவர்கூட இல்லை, விரித்தால் விரிந்து மடக்கினால் மடங்கும் குறுக்குநெடுக்கான பட்டிகைகள். சந்திப்புகளைத் தோல்வாரால் முடிந்திருப்பார்கள். ஆணி இல்லை. நடுத்தூணும் இல்லை.

தூண் இல்லாமல் எப்படி நிற்கிறது? துண்டுக்கின் கனம் கழிகளை வெளிப்பக்கம் தள்ளுகிறது. சுவரின் தலைப்பை இறுக்கிச் சுற்றிய நெய்த பட்டை அந்தத் தள்ளலை வாங்கிக்கொள்கிறது. பட்டையை விரலால் தட்டிப் பாருங்கள், விறைப்பாக இருக்கும். அது அவிழ்ந்தால் கூரை இறங்கிவிடும். வண்ண நூலில் பெண்கள் நெய்த அந்தப் பட்டையை அலங்காரம் என்று நினைத்துக் கடந்துபோகிறவர்கள்தான் அதிகம். வீட்டையே தாங்கிக்கொண்டிருப்பது அதுதான்.

வெளிப்போர்வை ஆட்டு ரோமத்தை நனைத்து, உருட்டி, அழுத்திச் செய்த கெட்டியான ஃபெல்ட். மழை எளிதில் இறங்காது, சூடு எளிதில் வெளியேறாது. அதற்கும் சட்டகத்துக்கும் நடுவே நாணல் பாய் ஒன்று சுற்றியிருக்கும். வெக்கையான பகலில் ஃபெல்ட்டின் அடிவிளிம்பைத் தூக்கிவிட்டால் அந்தப் பாய் வழியாகக் காற்று வரும். சில முகாம்களில் இரும்புச் சட்டத்தின் மேல் தார்ப்பாய் போர்த்தி, உள்ளே இரும்புக் கட்டில் போட்டிருக்கிறார்கள். முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். ஃபெல்ட் வீட்டில், தரையில் அடுக்கிய மெத்தைகளில் படுத்தால்தான் நான் சொன்ன எதுவும் பொருள்படும். கிர்கிஸ், கசாக் மக்களின் யூர்ட் செய்யும் கலையை யுனெஸ்கோ 2014இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இஸ்ஸிக்-குல் ஏரியின் தென்கரையில் கிஸில்-தூ என்ற கிராமத்தில் இந்த வேலை இன்றும் நடக்கிறது. வழி ஒத்துவந்தால் முதலில் அங்கே போய்க் கழி வளைப்பதைப் பார்த்துவிட்டு மேலே ஏறுங்கள்.

துண்டுக் வழியாக விழும் வெயில் ஒரு வட்டமாக உள்ளே நகரும். காலையில் மேற்குப் பக்கம் உயரத்தில் இருக்கும், நடுப்பகலில் வடக்கில் தாழ்ந்து கிடக்கும், மாலையில் கிழக்கே ஏறும். கடிகாரம் இல்லாத காலத்தில் வீட்டுக்காரர்கள் இதை வைத்தே நேரம் பார்த்தார்கள். மேகம் கறுக்கும்போது வீட்டம்மாவைக் கவனியுங்கள். கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு வெளியே போய் ஒரு கயிற்றை இழுப்பார். உச்சித் திறப்பின் மேல் ஃபெல்ட் மூடி வந்து உட்காரும். சில நொடிகளில் உள்ளே இருட்டு, பிறகு மழைச் சத்தம். டென்ட் துணியில் மழை படபடக்கும்; ஃபெல்ட்டில் அது மந்தமாகத்தான் கேட்கும்.

சாப்பாட்டு நேரத்தில் வாசலுக்கு நேர் எதிரே உள்ள இடத்தில் உங்களை உட்காரச் சொல்வார்கள். அது விருந்தாளிக்கும் மூத்தவர்களுக்கும் உரிய இடம், மறுக்க வேண்டாம். ரொட்டியைத் தலைகீழாக வைக்கக் கூடாது. விரித்த துணியைத் தாண்டி நடக்கக் கூடாது. தேநீர் அரைக் கிண்ணம்தான் வரும், கஞ்சத்தனம் இல்லை. ஆறுவதற்குள் குடித்து மறுபடி நீட்ட வேண்டும், அவர்கள் மறுபடி ஊற்ற வேண்டும். கிண்ணம் நிறைய ஊற்றினால்தான் கிளம்பலாம் என்று அர்த்தம். சாப்பிட்டு முடிந்ததும் எல்லோரும் இரு கைகளால் முகத்தை வழித்துவிட்டு எழுவார்கள். நீங்களும் அப்படியே எழுங்கள்.

கிமிஸ் வரும். பெண்குதிரையின் பாலைப் புளிக்கவைத்த பானம், புகை போட்ட தோற்பையின் வாசனையோடு. முதல் மடக்கில் முகம் சுளிக்கத்தான் செய்யும். நன்கு புளித்த மோரை விறகடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்து குடிப்பதுபோல நினைத்துக்கொண்டு இரண்டாவது மடக்கு குடியுங்கள். இலேசான போதையும் உண்டு. பழக்கமில்லாத வயிறு முரண்டும், ஒரு கிண்ணத்தோடு நிறுத்தலாம். ஆனால் அதற்கு முன் பால் கறப்பதைப் பார்த்திருக்க வேண்டும். தரையோடு இழுத்துக் கட்டிய கயிற்றில் குட்டிகளை வரிசையாகக் கட்டியிருப்பார்கள். தாய்கள் தாமாகவே அருகில் மேயும். பெண்குதிரையின் மடி சிறியது, ஒரு தடவையில் கொஞ்சம்தான் கிடைக்கும். அதனால் பகலில் பல தடவை கறக்க வேண்டும். குட்டியை முதலில் ஊட்டவிட்டு, பால் இறங்கியதும் விலக்கி, அது தாயை ஒட்டி நிற்க, ஒரு முழங்கால் ஊன்றி வாளியைத் தொடையில் தாங்கிக் கறப்பார்கள். நாளெல்லாம் இதே வேலை. கிண்ணத்தில் இருப்பது எத்தனை உழைப்பு என்று அப்போதுதான் தெரியும்.

டென்ட்டில் தங்க விரும்புகிறவர்களுக்கு வேறு விதமான சுகம் உண்டு. காற்றுக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு துணிதான். விடியலில் குதிரை காதருகே புல் பறிக்கும் சத்தம் கேட்கும். சற்று மேடான, காற்று மறைவான இடமாகப் பாருங்கள். மாடு தண்ணீருக்குப் போகும் தடத்தில் அடிக்காதீர்கள். அருகில் உள்ள யூர்ட்டில் போய்க் கேட்டுவிட்டு அடியுங்கள், அது அவர்கள் மேய்க்கும் நிலம். கேரவனின் பலம் வழிதான். கணவாயில் நிறுத்தித் தேநீர் போடலாம், பிடித்த வளைவில் இரவைக் கழிக்கலாம். ஏரியில் வந்து கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே சமைத்தால் இவ்வளவு தூரம் வந்தது எதற்கு? புல்லில் வண்டியை ஏற்றாமல், ஏற்கெனவே இருக்கும் தடத்திலேயே ஓட்டுங்கள். அந்த உயரத்தில் நசுங்கிய புல் மீள நெடுங்காலம் பிடிக்கும், அதுதான் அவர்களின் பிழைப்பு.

இறங்கும்போது கோச்கோரில் பலர் ஷிர்தாக் வாங்குவார்கள். யூர்ட்டின் தரையில் நீங்கள் படுத்திருந்த அதே ஃபெல்ட் விரிப்பு. இரண்டு நிற ஃபெல்ட்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒரே வெட்டாக வெட்டி, ஒன்றின் வெட்டுத்துண்டை மற்றதன் பள்ளத்தில் பொருத்தித் தைப்பார்கள். அதனால் ஒரு விரிப்பில் சிவப்பில் கறுப்புக் கொம்பு வடிவம் இருந்தால், அதன் ஜோடியில் கறுப்பில் சிவப்புக் கொம்பு வடிவம் இருக்கும். வாங்குவதற்கு முன் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். கையால் குத்தித் தைத்த தையல் அடர்த்தியாக, சற்று ஏற்ற இறக்கமாக ஓடும். அப்படிப்பட்டது தலைமுறை கடந்து உழைக்கும். ஒன்றை முடிக்க மாதக்கணக்கில் ஆகும், அதனால் விலையை அடித்துப் பேச வேண்டாம்.