படக்கதைப் புத்தகங்களும் பொறுப்புணர்வும்: ஓசூர் எல்லைப்பகுதி வகுப்பறைகளை முன்வைத்து

படக்கதைப் புத்தகம் என்பது படமும் சொல்லும் சேர்ந்து ஒரு கதையைச் சொல்லும் குழந்தைகள் நூல். பெரும்பாலும் மூன்று முதல் எட்டு வயது வரையிலான குழந்தைகளுக்காக வெளியிடப்படுகிறது. பகிர்தல், காத்திருத்தல், பிறரைச் சேர்த்துக்கொள்ளுதல், தன் வேலையைத் தானே செய்தல் ஆகிய பழக்கங்களைக் கற்பிக்க அங்கன்வாடிகளிலும் தொடக்கப்பள்ளிகளிலும் இவ்வகை நூல்கள் உதவுகின்றன. தமிழுடன் தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய மொழிகளும் வழங்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், குறிப்பாக ஓசூர் தொழிற்பகுதியில், இந்நூல்களுக்குத் தனிப் பயன் உண்டு. அவற்றின் குறைகளும் இங்கே எளிதில் தென்படுகின்றன.

படமும் சொல்லும்

படம் போட்ட புத்தகங்கள் எல்லாம் படக்கதைப் புத்தகங்கள் ஆகிவிடுவதில்லை. பாடநூலில் காகமும் நரியும் கதைக்குப் பக்கத்தில் ஒரு காகத்தை வரைந்தால், அந்தப் படத்தை எடுத்துவிட்டாலும் கதை குறையாது. படக்கதைப் புத்தகத்தில் அப்படி எடுக்க முடியாது. சொல் பாதியைச் சொல்ல, படம் மீதியைச் சொல்லும். சில நூல்களில் சொல்லே இருக்காது. பிரியா குரியன் உருவாக்கி தூலிகா வெளியிட்ட ‘அம்மாச்சீஸ் கிளாஸஸ்’ அத்தகையது. மூக்குக்கண்ணாடியைத் தொலைத்த பாட்டியின் தடுமாற்றங்கள் முழுவதும் படங்களாகவே சொல்லப்படுகின்றன. அங்கு என்ன நடக்கிறது என்பதைக் குழந்தைதான் தன் வாயால் சொல்ல வேண்டும்.

சமூகப் பழக்கங்களைக் கற்பிப்பதில் இந்த வேறுபாடு முக்கியமானது. ஒருவர் முகத்தைப் பார்த்து அவர் வருத்தத்தில் இருக்கிறாரா கோபத்தில் இருக்கிறாரா என்று அறிவதுதான் பிறரோடு பழகுவதன் முதல் படி. படத்தில் உள்ள முகத்தை நின்று நிதானமாகப் பார்க்கலாம், பக்கத்தைத் திருப்பி மறுபடியும் பார்க்கலாம். விளையாட்டு மைதானச் சண்டையில் அதற்கு நேரம் கிடையாது.

நீதிக்கதை மரபு

தமிழில் குழந்தைகளுக்கு ஒழுக்கம் கற்பிக்கும் மரபு பழமையானது. ஔவையாரின் ஆத்திசூடியும் கொன்றை வேந்தனும் திண்ணைப் பள்ளிக் காலம் முதல் மனப்பாடமாகக் கற்பிக்கப்பட்டவை. பஞ்சதந்திரக் கதைகளும் ஈசாப் கதைகளும் பின்னர் பாடநூல்களில் இடம்பெற்றன. கதை முடிந்ததும் ‘இக்கதையால் அறியும் நீதி’ என்று ஒரு வரி சேர்ப்பது வழக்கமானது. தேர்வில் அந்த வரிக்குத் தனி மதிப்பெண்ணும் உண்டு. இதனால் கதையைப் படிக்காமலே நீதியை எழுதிவிடும் திறமை மாணவர்களுக்கு வாய்த்தது.

பிற நாடுகளிலும் இந்த நிலை இருந்திருக்கிறது. ஜெர்மனியில் ஹைன்ரிஷ் ஹாஃப்மன் 1845இல் வெளியிட்ட ‘ஸ்ட்ரூவெல்பீட்டர்’ நூலில் விரல் சூப்பும் சிறுவனின் கட்டைவிரல்களைத் தையற்காரர் கத்தரிக்கோலால் வெட்டிவிடுகிறார். அச்சுறுத்தித் திருத்துவது அந்நூலின் வழி. இங்கிலாந்தில் பீட்ரிக்ஸ் பாட்டர் 1902இல் வெளியிட்ட பீட்டர் முயலின் கதையில் தாய் சொல்லைக் கேட்காத முயல்குட்டி சட்டையை இழந்து, களைத்து வீடு திரும்புகிறது. அமெரிக்காவில் மாரிஸ் செண்டாக் 1963இல் வெளியிட்ட ‘வேர் த வைல்ட் திங்ஸ் ஆர்’ நூலில் குறும்பு செய்ததற்காகச் சாப்பாடு இல்லாமல் அறைக்கு அனுப்பப்பட்ட மாக்ஸ், கற்பனைப் பயணம் முடிந்து திரும்பும்போது அவனுக்கான உணவு சூடாகக் காத்திருக்கிறது. தவறு செய்த பிள்ளைக்கும் வீட்டில் இடம் உண்டு என்பதை அந்நூல் உபதேசமின்றி உணர்த்துகிறது. நூறாண்டுக்கும் சற்றுக் கூடுதலான காலத்தில் தண்டனையிலிருந்து அரவணைப்புக்கு இவ்வகை இலக்கியம் நகர்ந்திருப்பதை இம்மூன்று நூல்களும் காட்டுகின்றன.

தமிழில் கிடைக்கும் நூல்கள்

இந்தியாவில் சில்ரன்ஸ் புக் டிரஸ்ட், நேஷனல் புக் டிரஸ்ட் ஆகிய இரண்டும் 1957இல் தொடங்கப்பட்டன. குறைந்த விலையில் வண்ணப் படங்களுடன் குழந்தை நூல்கள் பரவ இவை வழிசெய்தன. சென்னையில் 1996இல் தொடங்கப்பட்ட தூலிகா பதிப்பகம் தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளில் படக்கதைப் புத்தகங்களை வெளியிடுகிறது. பெங்களூரில் 2004இல் தொடங்கப்பட்ட பிரதம் புக்ஸ், 2015இல் ஸ்டோரிவீவர் என்னும் இணையத்தளத்தை உருவாக்கியது. அதிலுள்ள நூல்களை எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம், அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம். தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் தொடங்கியபின் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை கதை, பாடல், பொம்மலாட்டம் ஆகியவை கற்பித்தலில் கூடுதல் இடம் பெற்றன. 2023இல் வந்த வாசிப்பு இயக்கம் ‘நுழை, நட, ஓடு, பற’ என்னும் நான்கு படிநிலைகளில் சிறு நூல்களைப் பள்ளிகளுக்கு வழங்கியது. ஆகவே புத்தகம் கிடைக்கவில்லை என்ற பழைய குறை ஓரளவு தீர்ந்துவிட்டது. எந்தப் புத்தகத்தை எடுப்பது, எடுத்ததை எப்படிப் படிப்பது என்பதே இப்போதுள்ள கேள்வி.

ஓசூர் வகுப்பறை

கிருஷ்ணகிரி மாவட்டம் தருமபுரி மாவட்டத்திலிருந்து 2004இல் பிரிக்கப்பட்டது. ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்து, அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் ஆகிய ஆலைகள் வந்தபின் தமிழ்நாட்டின் பிற மாவட்டங்களிலிருந்து குடும்பங்கள் குடியேறின. பின்னர் ஒடிசா, பீகார் போன்ற மாநிலங்களிலிருந்தும் தொழிலாளர்கள் வந்தனர். தளி, தேன்கனிக்கோட்டை, பாகலூர், வேப்பனப்பள்ளி பகுதிகளில் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழிகளாக நெடுங்காலமாக உள்ளன. 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்தின்படி தமிழ் கட்டாயப் பாடம். எனவே பல குழந்தைகள் தமிழ் எழுத்தை மட்டுமன்றித் தமிழ்ப் பேச்சையும் பள்ளியில்தான் கற்கின்றனர்.

இத்தகைய வகுப்பில் வாய் திறக்காத பிள்ளையைப் ‘பழகத் தெரியாதவன்’ என்று முடிவுகட்டுவது எளிது. அந்தப் பிள்ளைக்குத் தெரியாதது பழக்கமா, மொழியா என்று பார்ப்பதில்லை. ஒரு யானைப் படத்தைக் காட்டினால் ஒரு குழந்தை யானை என்னும், இன்னொன்று ஆனெ என்னும், மற்றொன்று ஏனுகு என்னும், வேறொன்று ஹாத்தி என்னும். நான்கு பேரும் சரியாகவே சொன்னார்கள். எழுத்துப் பாடத்தில் மூவர் தவறு, படப் பாடத்தில் நால்வரும் சரி.

அதே யானைப் படம் இன்னொன்றையும் வெளிக்கொணரும். பல படக்கதைப் புத்தகங்களில் யானை என்றால் நல்ல நண்பன், தின்பண்டம் பகிர்ந்துகொள்ளும் தோழன். ஆனால் தளி, ஜவளகிரி, சானமாவு பகுதிப் பிள்ளைகளுக்கு யானை என்றால் விளைந்த ராகி வயலுக்குள் இறங்கும் கூட்டம், அப்பா இரவில் கண்விழித்துக் காவல் இருக்கும் காரணம். ‘யானையோடு பகிர்ந்து உண்போம்’ என்னும் கதை அங்கே பாடமாகாது. ஆனால் ‘யானைக்கும் பசி, நமக்கும் பசி, என்ன செய்யலாம்?’ என்று கேட்டால் அது பெரியவர்களுக்கே விடை தெரியாத உண்மையான பொறுப்புக் கேள்வியாகிவிடும்.

மூன்று நூல்கள்

பொறுப்பு யாருடையது என்ற கேள்வியை வைத்து மூன்று இந்தியப் படக்கதைப் புத்தகங்களை ஒப்பிடலாம்.

சாய் விட்டேக்கர் எழுதி, ஸ்ரீவித்யா நடராஜன் படம் வரைந்த ‘காளி அண்ட் த ராட் ஸ்னேக்’ தூலிகா வெளியீடு. காளி இருளர் சிறுவன். அவன் அப்பா பாம்பு பிடிப்பவர். அப்பாவின் தொழிலும் அவன் விரும்பித் தின்னும் வறுத்த ஈசலும் அவனை வகுப்பில் தனிமைப்படுத்துகின்றன. ஒருநாள் சாரைப்பாம்பு வகுப்பறைக்குள் வர, எல்லோரும் அலற, காளி பதறாமல் அதைப் பிடிக்கிறான். அன்றுமுதல் அவன் வகுப்பின் நாயகன். இருளர் அறிவை மதிப்புடன் காட்டிய நூல் இது. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலைப்பகுதிகளிலும் இருளர் வாழ்வதால் இந்த மாவட்டத்துக்கு நெருக்கமானதும்கூட. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. பாம்பு வராமல் இருந்திருந்தால்? தன்னைச் சேர்த்துக்கொள்ள வைக்கும் பொறுப்பு காளியின் தலையிலேயே விழுகிறது. கேலி செய்த பிள்ளைகள் கைதட்டியதோடு சரி.

மகாஸ்வேதா தேவி எழுதி, கன்யிகா கினி படம் வரைந்த ‘த ஒய்-ஒய் கேர்ள்’ நூலில் மொய்னா என்னும் சபர் இனச் சிறுமி எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்கிறாள். ஆடு மேய்க்கும் அவள், தண்ணீருக்கு ஏன் இவ்வளவு தொலைவு நடக்க வேண்டும் என்கிறாள். நன்றி சொல்லப் பழக்குவதே நல்லொழுக்கம் என்று நம்பும் நூல்களுக்கிடையே, யாருக்கு எதற்காக நன்றி சொல்ல வேண்டும் என்று கேட்கும் பிள்ளையை நல்ல பிள்ளையாகக் காட்டிய துணிவு இந்நூலுக்கு உண்டு. முடிவில் அவளே பிறருக்குக் கற்பிப்பவள் ஆகிறாள். கீழ்ப்படிதல் வேறு, பொறுப்பு வேறு என்பதை இந்நூல் போல் தெளிவாகக் காட்டும் குழந்தை நூல்கள் குறைவு.

சுஜாதா பத்மநாபன் எழுதி, மதுவந்தி அனந்தராஜன் படம் வரைந்த ‘சுஸ்கித் கோஸ் டு ஸ்கூல்’ பிரதம் புக்ஸ் வெளியிட்டது. லடாக்கில் வாழும் சுஸ்கித்தால் நடக்க முடியாது. சக்கர நாற்காலி இருந்தும் பள்ளிக்குச் செல்லும் பாதை கரடுமுரடானது. அப்துல் என்னும் சிறுவன் தலைமையாசிரியரிடம் பேசுகிறான். மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து பாதையைச் சமப்படுத்துகிறார்கள். சுஸ்கித் பள்ளிக்கு வருகிறாள். இங்கே அவள் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை, பாம்பு பிடிக்க வேண்டியதில்லை. வருவது அவள் உரிமை, பாதை போடுவது மற்றவர்களின் வேலை.

குழந்தையிடம் பொறுப்பை எதிர்பார்க்கும் நூல்கள் ஏராளம். பல் துலக்கு, பொம்மையை எடுத்துவை, தம்பிக்குக் கொடு என்று அவை சொல்லும். குழந்தைக்கு மற்றவர்கள் செய்யவேண்டிய பொறுப்பைக் காட்டும் நூல்கள் சிலவே. பாதியாண்டில் புதிதாக வந்து சேர்ந்து, கடைசி வரிசையில் உட்காரும் ஒடியா பேசும் பிள்ளையும் ஒரு சுஸ்கித்துதான். அவன் நடக்க வேண்டிய கரடுமுரடான பாதை மொழி. அதைச் சமப்படுத்துவது அவன் ஒருவனின் வேலையல்ல, வகுப்பின் வேலை.

மரியாதையும் மொழிபெயர்ப்பும்

திறந்த உரிமத்தில் வரும் தமிழ் நூல்களில் பல மொழிபெயர்ப்புகள். தன்னார்வலர் பலர் செய்வதால் தரம் சீராக இல்லை. அதைவிடப் பெரிய குறை, பண்பாட்டையும் சேர்த்து மொழிபெயர்த்துவிடுவது. சோறு போட்ட அம்மாவிடம் மகள் ‘நன்றி அம்மா’ என்கிறாள். தண்ணீர் கேட்கும் சிறுவன் ‘தயவுசெய்து’ என்று தொடங்குகிறான். தமிழ் வீடுகளில் மரியாதை இப்படி இருப்பதில்லை. ‘வா’ என்பதற்கும் ‘வாங்க’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டில் இருக்கிறது, பெயர் சொல்லாமல் அக்கா, அண்ணா, அத்தை என்று அழைப்பதில் இருக்கிறது, வந்தவரைச் சாப்பிட்டீர்களா என்று கேட்பதில் இருக்கிறது. இவற்றைக் காட்டாத நூல், குழந்தை ஏற்கெனவே கற்ற மரியாதையைக் கணக்கில் எடுக்காமல் புதிதாக ஒன்றைத் திணிக்கிறது.

எல்லைப்பகுதியில் இது இன்னும் நுட்பமானது. கன்னடத்தில் ஒருவரை மரியாதையாக ‘வாருங்கள்’ என்று அழைக்கும் சொல் ‘பன்னி’. அதைக் கேட்ட தமிழ்க் குழந்தை சிரிக்கும் அல்லது கோபித்துக்கொள்ளும். மரியாதைச் சொல்லே வசவாகக் கேட்கும் ஊரில், சிரிக்கும் முன் ‘அவன் என்ன சொல்ல வந்தான்?’ என்று கேட்கப் பழகுவதே சமூகப் பழக்கத்தில் முதன்மையானது. இதை வைத்து ஒரு படக்கதைப் புத்தகம் எழுதலாம். எழுதவேண்டியவர்கள் இப்பகுதி ஆசிரியர்கள்.

வகுப்பில் பயன்படுத்தும் முறை

நல்ல நூலையும் தவறான கேள்வி கெடுத்துவிடும். ‘இந்தக் கதையின் நீதி என்ன?’ என்று கேட்டால் குழந்தைகள் ஆசிரியர் எதிர்பார்க்கும் வரியைச் சொல்லிவிட்டு அமர்ந்துவிடுவர். ‘அப்துல் முகத்தைப் பார், என்ன நினைக்கிறான்?’, ‘நம் வகுப்புக்கு வர யாருக்குக் கஷ்டம்?’ என்று கேட்டால் பேச்சு தொடரும். கேள்வி கேட்டு, குழந்தையின் விடையை விரித்து, மீண்டும் கேட்டுப் படிக்கும் முறை குழந்தைகளின் மொழி வளர்ச்சிக்கு உதவுவதை அமெரிக்க உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்ட்டும் உடன் ஆய்வாளர்களும் 1988இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர்.

வகுப்பில் பின்வருமாறு செய்யலாம்:

- முதல் வாசிப்பில் எழுத்தை மறைத்துப் படங்களை மட்டும் காட்டுதல். குழந்தைகள் எந்த மொழியிலும் விடை சொல்ல அனுமதித்தல்.
- இரண்டாம் வாசிப்பில் தமிழில் படித்தல். பிற மொழிச் சொற்களைக் கரும்பலகையில் தமிழ்ச் சொல்லுக்கு அருகில் எழுதுதல்.
- மூன்றாம் நாள் கதையிலிருந்து ஒரு செயலைத் தேர்ந்து வகுப்பே சேர்ந்து செய்தல். புதிய மாணவருக்கு ஒரு வாரத்துக்கு இரண்டு துணைவர்களை அமர்த்துவது ஓர் எடுத்துக்காட்டு.
- நீதியை ஆசிரியர் சொல்லாமல் இருத்தல்.

நான்காவதுதான் கடினமானது. ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைப் பார்க்கும் பள்ளியில் மூன்று நாள் ஒரே புத்தகத்துக்குக் கொடுப்பதும் எளிதல்ல. ஆனால் பத்துப் புத்தகங்களை வேகமாகப் படித்து முடிப்பதைவிட ஒரு புத்தகத்தில் நின்று பேசுவது பயன்மிக்கது.

மதிப்பீடு

படக்கதைப் புத்தகம் குழந்தையைத் திருத்தும் கருவி அன்று. அதை அப்படிப் பயன்படுத்தினால் பழைய நீதிக்கதை வண்ணப் படத்துடன் திரும்பி வந்ததாகவே ஆகும். பல மொழிகள் கலந்த ஓசூர் வகுப்பறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் படிக்கக்கூடியது படம் மட்டுமே. அந்தப் பொது இடத்தில் பேசாத பிள்ளை முதல்முறை பேசும்போது, மற்ற பிள்ளைகள் அதைக் காதுகொடுத்துக் கேட்பார்களானால், பொறுப்புணர்வுப் பாடம் அங்கே தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.