பதிவகமும் உடைமையும்: டொட் ஓர்க் விற்பனை முயற்சி பற்றிய ஒரு நோக்கு

இணைய ஆள்களப் பெயர்களின் பதிவகங்களை யார் நடத்துவது என்ற வினா தொழினுட்பவியலாளரின் விவகாரமாகவே பெரிதும் கருதப்பட்டு வந்துள்ளது. ஆயின், பதிவகம் என்பது ஓர் ஆள்களத்தின் கீழ் எப்பெயர் எவருக்குரியது என்பதைக் குறித்துவைக்கும் பேரேடாகும். அப்பேரேடு ஒன்றாகவே இருத்தல் வேண்டும். இரண்டாயின் ஒரே பெயர் ஈரிடங்களைச் சுட்டும். ஆகவே ஏகபோகம் இங்கு தொழினுட்பத்தின் இயல்பிலேயே அமைந்துள்ளது. சந்தைப் போட்டியின் மேன்மை பேசுவோர் இதனை வசதியாக மறந்துவிடுகின்றனர்.

ஆள்களங்களைப் பொறுத்து உரிமை, உடைமை என்று பேசுதல் பொருந்தாது, சமூகத்துக்கான பொறுப்பும் சேவையுமே கருதத்தக்கன என்று யோன் பொஸ்ரெல் 1994இல் வரைந்தார். இருபத்தைந்து ஆண்டுகளின் பின், 2019 நவம்பரில், இணையச் சங்கம் தன் கீழிருந்த பொதுநலப் பதிவகத்தை ஈதோஸ் கப்பிற்றல் என்னும் தனியார் முதலீட்டு நிறுவனத்துக்கு 113.5 கோடி டொலருக்கு விற்கவிருப்பதாக அறிவித்தது. தொண்டு நிறுவனங்கள் பெரிதும் பயன்படுத்தும் டொட் ஓர்க் பெயர்களை 2003 முதல் நிருவகித்து வந்தது இப்பதிவகமே. அவ்வாண்டு யூனில்தான் அப்பெயர்களுக்கான விலை வரம்பை, ஆயிரக்கணக்கானோரின் ஆட்சேபத்தையும் மீறி, ஐகான் நீக்கியிருந்தது.

விற்பனைப் பணம் இணையத்தைப் பரப்பும் பணிக்கு நிலையான நிதியாகும் என்ற சங்கத்தின் வாதத்தை நாம் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. எனினும் கொள்வனவின் பொருட்டுப் பதிவகத்தின்மீது 36 கோடி டொலர் கடன் சுமத்தப்படவிருந்தது. அதன் வட்டி எங்கிருந்து வரும்? பெயர் பதிந்தோரின் கட்டணத்திலிருந்தன்றி வேறு வழியில்லை. பல்லாண்டு வழங்கிய முகவரியைக் கைவிட இயலாத அமைப்புக்களே இவ்வணிகத்தின் மூலதனமாயின.

2020 ஏப்பிரல் 30இல் ஐகான் அனுமதி மறுத்தது. முற்போக்காளர் பலர் இதனை வெற்றியெனக் கொண்டாடினர். முடிவு சரியானதே, ஆனால் அது எவ்வாறு எய்தப்பட்டது என்பதையும் நாம் நோக்குதல் வேண்டும். இரு வாரங்களுக்கு முன்னர் கலிபோர்னியாவின் சட்டமா அதிபர் இவ்விற்பனையை எதிர்த்துக் கடிதம் எழுதியிருந்தார். ஐகான் அம்மாநிலத்தில் பதிவான இலாப நோக்கற்ற நிறுவனமாதலின் அவருக்கு அதன்மீது மேற்பார்வை அதிகாரம் உண்டு. உலகெங்கும் பரந்த ஒரு கோடி பெயர்களின் பாதுகாப்பு ஒரு மாநில அதிகாரியின் கடிதத்தில் இத்துணை தங்கியிருந்தமை எமக்கு ஆறுதல் தருவதாயில்லை.

ஐகானின் முதற் தலைவர் எஸ்தர் டைசன் முதலானோர் 2020 ஜனவரியில் பெயர் பதிந்தோரின் கூட்டுறவு ஒன்றை அமைத்துப் பதிவகத்தைப் பொறுப்பேற்க முன்வந்தனர். எதிர்ப்பியக்கத்தில் எழுந்த குரல்களுள் உடைமையுறவையே தொட்டது இதுவெனலாம். அது மிகக் குறைவாகவே விவாதிக்கப்பட்டது. விற்பனை தடுக்கப்பட்டது, விலை வரம்பு அத்தீர்மானத்தால் மீளவில்லை. பதிவகத்தின் பணிப்பாளர் சபையை நியமிக்கும் அதிகாரமும், அதனை விற்க முனைந்த சங்கத்திடமே எஞ்சியது.