கட்டியக்காரன் யாரைக் கேலி செய்யலாம்?

தெருக்கூத்தில் துரியோதனன் நேராகக் களரிக்குள், அதாவது ஆடுகளத்துக்குள், வந்துவிடுவதில்லை. இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று பாடுகிறான். திரைக்கு மேலே கிரீடமும் கீழே சலங்கை கட்டிய காலும் மட்டும் தெரியும். திரை விலகியதும் கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் அவனை மடக்கி, யார், எந்த ஊர், எதற்காக வந்தது என்று விசாரிக்கிறான். ராஜாவானாலும் தன் பெருமையைத் தன் வாயால் சொல்லித்தான் ஆகவேண்டும். காட்சி ஜோடனை எதுவும் இல்லாத கலைக்கு இதைவிடச் சிக்கனமான பாத்திர அறிமுகம் கிடையாது.

காவலன், தூதன், தோழன், ஊர்ஜனம் எல்லாம் அதே ஆள்தான். பாட்டில் வந்ததைப் பேச்சுத்தமிழில் திருப்பிச் சொல்லி, விடியவிடிய உட்கார்ந்திருப்பவர்களைக் கதைக்குள் பிடித்துவைக்கிறான். ஆடிக் களைத்தவர் மூச்சு வாங்க இடைவெளியும் தருகிறான். எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது, அரசனை எதிரே நின்று கிண்டல் செய்ய அவனுக்கு இருக்கும் உரிமை.

இதைப் பார்த்துவிட்டு, பார்வையாளரைக் கதையில் மூழ்கவிடாமல் விலக்கி நிறுத்த வேண்டும் என்று ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் சொன்னது நம் கூத்தில் அன்றே இருந்தது என்பவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. பாஞ்சாலியின் துகிலுரியும் கதையை ஆடும் துகில் கூத்தில் களரியிலேயே கற்பூரம் ஏற்றி வணங்குகிறார்கள். பார்க்கிறவர்களில் சிலருக்கு அருள் வந்துவிடுகிறது. கட்டியக்காரனின் கிண்டல் அந்த நம்பிக்கையைக் கலைப்பதில்லை.

குறையும் அந்த உரிமையிலிருந்தே பிறக்கிறது. அவன் பேச்சு பெரும்பாலும் அந்த நேரத்தில் கட்டிச் சொல்வது. கூட்டம் சிரித்தால் நீள்கிறது. நீளும்போது பச்சையாகிறது. பெண்வேஷம் வந்தால் உடம்பைப் பற்றிய கேலி, இல்லாவிட்டால் ஊனத்தைப் பற்றிய கேலி. பாஞ்சாலியின் மானத்துக்காகக் கலங்கப்போகிற கூட்டம், சற்றுமுன் ஒரு பெண்ணை இழிவுசெய்த பேச்சுக்குச் சிரித்திருக்கிறது. இதை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட முடியாது. கலை தன் மையத்தையே அங்கே கெடுத்துக்கொள்கிறது.

நாடகாசிரியர் ந. முத்துசாமியைக் கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கூத்து ஈர்த்தது. 1977இல் அவருடைய நாடகக் குழுவான கூத்துப்பட்டறை உருவானது. நகரத்து நவீன நாடகங்களிலும் கட்டியக்காரன் நுழைந்தான். அங்கே பல நாடகங்களில் அவன் கேட்பதை விட்டுவிட்டு விளக்க ஆரம்பித்துவிட்டான். நடிகர் உடம்பால் காட்டவேண்டியதை முன்கூட்டியே சொல்லிவிடும் சோம்பல் அது.

கூத்து வாத்தியார்கள் அவன் பேச்சை எழுதிக் கட்டிப்போட வேண்டாம். அரசனைக் கேட்ட வாய் எளியவர்மேல் திரும்பக்கூடாது என்பதை மட்டும் ஒத்திகையிலேயே சொல்லிக்கொடுத்தால் போதும்.