சல்லடை இழந்த சந்தம்
ராப் பாடலின் சொல்வளம் குறித்து ஒரு திறனாய்வு

முத்துக்குளித்துறையின் தென்பகுதியில், மணப்பாட்டிற்கும் உவரிக்கும் இடையே அமைந்த மீனவர் ஊர் பெரியதாழை. அவ்வூர்க் கரையில் ஒரு மாலைப் பொழுதில், வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த இளைஞர் சிலர் சிறிய ஒலிபெருக்கி ஒன்றில் தமிழ் ராப் பாடல்களைக் கேட்டுக்கொண்டிருந்தனர். சொற்கள் விரைந்து ஓடின. தாளம் மணலை அதிர வைத்தது. அருகில் அமர்ந்திருந்த முதியவர் சற்று நேரம் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "பாய், வேகமாத்தான் படிக்கான். ஆனா இந்தப் பாட்டுக்கு வலை கரைக்கு வராது" என்றார்.

இளமையில் கரைவலை இழுத்தவர் அவர். கரைவலைக்கு அம்பாப் பாட்டு உண்டு. ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார். கயிற்றைப் பிடித்தவர்கள் ஏற்றுப் பாடுவர். அடியின் அழுத்தம் விழும் இடத்திலேயே அத்தனை கைகளும் ஒருசேர இழுக்கும். சந்தம் பிறழ்ந்தால் கைகள் பிறழும். கைகள் பிறழ்ந்தால் வலை நிற்கும். பாடியவரின் திறனை மதிப்பிட வேறு புலவர் குழு வேண்டியதில்லை. படகுக்கு இயந்திரம் வந்தபின் அம்பா ஓய்ந்தது. ஆனால் அப்பெரியவர் கையில் ஓர் அளவுகோல் எஞ்சியிருந்தது. இன்றைய ராப் பாடலுக்கு எஞ்சாமற்போனது அந்த அளவுகோலே என்பதுதான் இக்கட்டுரையின் கருத்து.

ராப் கலையின் சொல்வளம் குன்றிவிட்டது என்பது இன்று பரவலாகக் கேட்கப்படும் குறை. அதைக் கூறுவோர் பெரும்பாலும் இளைஞரின் திறமைக் குறைவையே காரணமாகக் காட்டுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. திறமை குன்றவில்லை, திறமையைச் சலித்தெடுக்கும் அவை கலைந்துவிட்டது. முத்துக்குளிப்பு நிகழ்ந்த காலங்களில் முத்துகளைத் துளையளவு வேறுபட்ட பித்தளைச் சல்லடைகள் பலவற்றில் ஒன்றன்பின் ஒன்றாக இட்டுத் தரம் பிரிப்பர். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. சல்லடை இல்லாத சந்தையில் முத்தும் கிளிஞ்சலும் ஒரே குவியலில் கிடக்கும்.

உக்காழிலிருந்து மிர்பத் வரை

சொல்லைப் போட்டிக்கு நிறுத்திச் சான்றோர் முன் எடைபோடும் வழக்கம் அரபு மண்ணில் தொன்மையானது. இஸ்லாத்திற்கு முந்திய காலத்தில், மக்காவுக்குக் கிழக்கே உக்காழ்ச் சந்தையில் கவிஞர்கள் கூடுவர். நாபிகா அத்துப்யானீக்கு அங்கே சிவந்த தோற்கூடாரம் அடிக்கப்படும். அவர் நடுவராக வீற்றிருப்பார். பிற்காலத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் கவிஞராக விளங்கிய ஹஸ்ஸான் இப்னு தாபித் (ரலி) அவர்களும், கையறுநிலைப் பாடல்களால் புகழ்பெற்ற கன்ஸா (ரலி) அவர்களும் அந்த அவையில் பாடியதாக இலக்கிய வரலாறுகள் கூறும். தம் குலத்தாரின் விருந்தோம்பும் பாத்திரங்களையும் வீரம் செறிந்த வாள்களையும் ஹஸ்ஸான் புகழ்ந்தபோது, சிறு எண்ணிக்கையைக் குறிக்கும் பன்மை வடிவை அவர் கையாண்டார் என்றும், 'உம் பெருமையை நீரே குறைத்துக்கொண்டீர்' என்னும் பொருள்பட நாபிகா குறைகூறினார் என்றும் அக்கதை செல்கிறது. இந்நிகழ்ச்சியின் நம்பகத்தை ஐயுற்ற அறிஞரும் உளர். ஆயினும் ஒரு பன்மை விகுதியைக்கூட விட்டுவைக்காத அவையைத் தலைமுறைகள் பெருமிதத்தோடு நினைவுகூர்ந்தன என்பது ஐயத்திற்கு அப்பாற்பட்டது.

உமையாக்கள் காலத்தில் இவ்வழக்கம் இன்னும் கூர்மை பெற்றது. பஸ்ராவின் மிர்பத் சந்தையில் ஜரீரும் ஃபரஸ்தக்கும் ஏறத்தாழ நாற்பதாண்டுகள் வசைக்கவிப் போர் நிகழ்த்தினர். ஒருவர் பாடிய அதே யாப்பில், அதே இயைபில் மற்றவர் மறுமொழி பாட வேண்டும். 'நகாயித்' எனப்படும் அப்பாடல்களை இன்றைய ராப் கலைஞரின் சொற்போருக்கு முன்னோடி என்றால் அது மிகையன்று. அவற்றில் குலச்செருக்கும் இழிமொழியும் மலிந்திருந்ததையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. கலைத்திறன் வேறு, அறத்தகுதி வேறு. இரண்டிற்கும் தனித்தனிச் சல்லடைகள் தேவை.

அந்த இரண்டாம் சல்லடையைத் தந்தது அருள்மறை. 'கவிஞர்கள்' எனப் பெயர்பெற்ற 26ஆம் அத்தியாயத்தின் இறுதி வசனங்கள், பள்ளத்தாக்குதோறும் அலைந்து, செய்யாததைச் சொல்லித் திரியும் கவிஞரைக் கண்டிக்கின்றன. ஆனால் அக்கண்டனம் அத்துடன் முடிந்துவிடவில்லை. நம்பிக்கை கொண்டு, நற்செயல் புரிந்து, இறைவனை மிகுதியாக நினைவுகூர்ந்து, அநீதிக்குள்ளானபின் தற்காத்துக்கொள்ளும் கவிஞர்களுக்கு அங்கே விலக்கு உண்டு. இசைக்கருவிகள் பற்றிய ஃபிக்ஹுச் சட்ட விவாதம் இக்கட்டுரையின் எல்லைக்குள் வராது. சொல்லுக்கும் செயலுக்கும் உள்ள இடைவெளி கவிஞனின் குற்றமாகலாம் என்பதும், அநீதிக்கெதிராகச் சான்று பகர்தல் அவனது தகுதியாகலாம் என்பதுமே நமக்கு இங்கு வேண்டுவன.

தமிழ் முஸ்லிம் மரபில் சந்தம்

பெரியதாழையிலிருந்து கடற்கரையோரமாக வடக்கே சென்று திருச்செந்தூரைத் தாண்டினால் காயல்பட்டினம். அங்குப் பிறந்த காசிம் புலவர், அருணகிரிநாதரின் சந்தங்களைப் பின்பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள்மீது திருப்புகழ் பாடினார். தொல்காப்பியம் செய்யுளியலில் இருபது வண்ணங்களை வகுத்துக் கூறுகிறது. அம்மரபு வளர்ந்து முதிர்ந்த நிலையே திருப்புகழ். வல்லினம், மெல்லினம், இடையினம், குறில், நெடில் என ஒவ்வோர் எழுத்தின் எடையும் முன்கூட்டியே வரையறுக்கப்பட்ட அச்சில், அரபுச் சொற்களையும் இஸ்லாமியக் கருத்துகளையும் பிசகாமல் வார்ப்பது எளிய செயலன்று.

அதே பெரியதாழையிலிருந்து தென்மேற்கே குமரிமுனையைக் கடந்து சென்றால் கோட்டாற்றை அடுத்த இடலாக்குடி. அது சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950) பிறந்த ஊர். 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் அவர் நூறு செயல்களில் ஒருங்கே கவனம் செலுத்திச் சதாவதானம் நிகழ்த்தினார். அவையோர் கொடுக்கும் குறிப்புக்கு அந்த இடத்திலேயே வெண்பா கட்டுவதும் அவதானத்தின் ஒரு பகுதி. முன்தயாரிப்பின்றிச் சொல் தொடுப்பதைத் தம் கலையின் உச்சமாகக் கருதும் ராப் கலைஞருக்கு இவர் உறவினர் அல்லாமல் வேறு யார்?

இவ்விருவருக்கும் பொதுவானது அவை. 1572இல் மதுரையில் அரங்கேறிய வண்ணப்பரிமளப் புலவரின் 'ஆயிரம் மசலா' முதற்கொண்டு, நம் முன்னோரின் நூல்கள் கேட்டறிந்தோர் முன் நின்று விடை கூறிய பின்னரே நூலாயின. 'அரங்கேற்றம்' என்ற சொல்லை நாம் இன்று விழா என்ற பொருளில் வழங்குகிறோம். அக்காலத்தில் அது தேர்வு.

பிராங்க்ஸின் வட்டமும் அதன் சிதைவும்

1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், ஜமைக்காவில் பிறந்த கூல் ஹெர்க் இசைத்தட்டு சுழற்றிய விருந்தை ஹிப்ஹாப்பின் பிறந்த நாளாகக் கொள்வர். அதற்கு முன்பே, மால்கம் எக்ஸ் பிறந்த நாளான மே 19 அன்று, 1968இல் ஹார்லெம் பூங்காவொன்றில் 'லாஸ்ட் பொயட்ஸ்' குழுவினர் முரசொலியுடன் கவிதை முழங்கினர். தெருமுனையில் இளைஞர் வட்டமாக நிற்க, ஒருவர்பின் ஒருவராக நடுவே வந்து சொல் தொடுத்த அந்த வட்டமே அவர்களின் உக்காழ். எதுகை தட்டினால் ஆரவாரம். பிறர் சரக்கைத் திருடினால் ஏளனம்.

அவ்வட்டத்தின் கண்டிப்பில் கலை வளர்ந்தது. 1987இல் வெளிவந்த 'பெய்ட் இன் ஃபுல்' தொகுப்பில் ராக்கிம், அதுவரை அடியின் இறுதியில் மட்டும் நின்ற இயைபை அடியின் நடுவிலும் பரப்பினார். ஒரு வாக்கியத்தைத் தாளக் கட்டைத் தாண்டி அடுத்த அடிக்குள் ஓடவிட்டார். நம் இலக்கணத்தில் கூறினால், இயைபோடு நின்ற பாட்டு எதுகையும் மோனையும் முடுகும் பெற்றது. ராக்கிம் சார்ந்திருந்த 'ஐந்து விழுக்காட்டினர்' இயக்கத்தின் கொள்கைகள் இஸ்லாமிய அகீதாவோடு உடன்படாதவை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். பின்வந்த மோஸ் டெஃப் (பின்னர் யாசீன் பே) 1999இல் தம் தொகுப்பைப் பிஸ்மில்லாஹ் கூறியே தொடங்கினார். 'என் சொல்லுக்கு ஒருவன் கணக்குக் கேட்பான்' என்ற உணர்வு அதில் தெரிந்தது.

வட்டம் சிதைந்தது எவ்வாறு? 1996இல் அமெரிக்கத் தொலைத்தொடர்புச் சட்டம் வானொலி உடைமைக்கு இருந்த நாடளாவிய வரம்பை நீக்கியது. ஒரே நிறுவனம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்களை வாங்கியது. உள்ளூர் அறிவிப்பாளரின் தேர்வுக்குப் பதில் தலைமை அலுவலகத்தின் பட்டியல் ஒலித்தது. 2006இல் நாஸ், ஹிப்ஹாப் மாண்டுவிட்டது என்பதையே தம் தொகுப்பின் பெயராக்கினார். பின்னர் இணையவழி இசை வந்தது. ஸ்பாட்டிஃபை தளத்தில் முப்பது விநாடி கேட்கப்பட்டாலே ஒரு பாடல் கணக்கில் ஏறும். அந்த முப்பது விநாடியைப் பிடித்து வைக்கப் பல்லவி முன்னே வந்தது. பதினாறு தாளக்கட்டுச் சரணம் தேய்ந்தது. எனவே இதனைக் கலைஞனின் சோம்பல் என்பதைவிடக் கூலி முறையின் விளைவு என்பதே பொருந்தும். கெண்ட்ரிக் லமாரின் 'டாம்ன்' 2018இல் புலிட்சர் பரிசு பெற்றதைக் காட்டிச் சிலர் நம்மை மறுக்கலாம். அப்பரிசு நம் கருத்துக்கே துணை நிற்கிறது: சொல்லை எடைபோடும் அவை ஒன்று எஞ்சியிருந்தது, அதில் முத்து தெரிந்தது.

தமிழில் நிகழ்ந்தது

1994இல் 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்' வழியாகவே தமிழகம் இவ்வடிவைப் பரவலாக அறிந்தது. ஆனால் தமிழ் ராப் ஒரு கலையாக முதிர்ந்தது மலேசியாவில். பொயட்டிக் அம்மோ குழுவில் இருந்த யோகி பி, நட்சத்திராவுடன் இணைந்து 2006இல் வெளியிட்ட 'வல்லவன்', தமிழ்ச் சொல் தாளத்தின்மேல் நிமிர்ந்து நிற்க முடியும் என்று காட்டியது. கோயம்புத்தூரின் ஹிப்ஹாப் தமிழா 2012இல் 'ஹிப்ஹாப் தமிழன்' தொகுப்போடு வந்தபோது மொழிப்பற்று பெருகியது. எனினும் அவர்களைப் புகழ்பெறச் செய்த 'கிளப்புல மப்புல' பாடல், அநீதியைக் கேட்பதைவிடப் பெண்களைக் கண்டிப்பதிலேயே வீரம் காட்டியது. இரண்டாம் சல்லடையில் அது தேறவில்லை.

பிறகு திரைப்படம் ராப்பை விழுங்கியது. திரைப்பாடலில் ராப்புக்குக் கிடைப்பது பல்லவிக்கும் சரணத்திற்கும் இடைப்பட்ட ஒரு சிறு பொந்து. அதில் பெரும்பாலும் நாயகனின் புகழ் மட்டுமே அடங்கும். தன் தெருவைப் பற்றி, தன் தாயைப் பற்றிப் பேச வந்த கலை, இன்னொருவனின் கட்டியக்காரன் ஆயிற்று. சிங்கம், சிறுத்தை, நெருப்பு, வெறி என்று ஒரே சொற்பட்டியல் படந்தோறும் சுழல்கிறது. வேகம் திறன் எனப்படுகிறது. ஆங்கிலச் சொல்லொன்றைத் தமிழ்ச் சொல்லோடு இறுதி ஒலியில் இணைத்தால் எதுகை எனப்படுகிறது. சீரில் குறிலும் நெடிலும் இடும் எடை பற்றிய உணர்வு இல்லை.

விதிவிலக்குகள் உண்டு, அவை எங்கிருந்து வந்தன என்பதே முக்கியம். 2018இல் சென்னையில் மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் அறிவு இருந்தார். கானா பாடகரும் பறையிசைஞரும் சூழ்ந்த வட்டம் அது. 2019இல் வந்த அவரது 'தெருக்குரல்' அவ்வட்டத்தின் விளைச்சல். 2021இல் தீயுடன் இணைந்து அவர் பாடிய 'என்ஜாய் எஞ்சாமி', இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தம் பாட்டியின் வாழ்வை ஒப்பாரி மரபோடு இணைத்தது. அப்பாடல் உலகெங்கும் பரவியபின், ஓர் இசையிதழின் அட்டைப்படத்தில் சொல்லைத் தந்தவர் இடம்பெறவில்லை. குரலும் காட்சியும் விலைபோகும்; சொல் மட்டும் ஊர்பேர் அறியாதது என்ற சந்தை நியதிக்கு இதைவிடச் சான்று வேண்டா.

நம் பொறுப்பு

இவ்விழப்பைப் பற்றி இஸ்லாமிய இதழொன்று ஏன் கவலைப்பட வேண்டும் என்று வாசகர் வினவலாம். நம் வீட்டுப் பிள்ளைகள் கேட்பதும் பாடிப் பார்ப்பதும் இதையே. மேலும், நம் மேடைகளும் குற்றமற்றவை அல்ல. நாகூர் இ.எம். ஹனீபா அவர்களின் குரலுக்குப் பின்னே யாப்பறிந்த புலவர்கள் நின்றனர். இன்று மீலாது மேடைகளில் பல இடங்களில் திரைமெட்டில் சொல்லை மாற்றி ஒட்டிய பாடல்களே ஒலிக்கின்றன. பொருள் புனிதமானது என்பதாலேயே செய்யுளின் ஓட்டையை நாம் மன்னித்துவிடுகிறோம். புகழப்படுபவர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் என்றால் சொல்லின் எடை கூட வேண்டுமேயன்றிக் குறையலாகாது. காசிம் புலவர் அவ்வாறே கருதினார்.

ஆகவே இளைஞரை வைது பயனில்லை. அவர்களுக்கு ஓர் அவை வேண்டும். மீலாதுப் போட்டிகளில் குரலுக்குப் பரிசு தருவோர் சொல்லுக்கும் ஒரு பரிசு வைக்கலாம். ஒரு சந்தத்தைக் கொடுத்து, அதே சந்தத்தில், அதே இயைபில், இழிமொழியின்றி மறுமொழி பாடச் சொல்லலாம். நடுவராக யாப்பறிந்த தமிழாசிரியர் ஒருவரும் மார்க்கம் அறிந்த ஆலிம் ஒருவரும் அருகருகே அமரலாம். தேறாதவனிடம் எந்த இடத்தில் சறுக்கினான் என்பதை, நாபிகா சொன்னதுபோல், ஒரு விகுதி வரை சுட்டிச் சொல்லலாம். அந்தக் கண்டிப்பு அவமதிப்பாகாது; ஒருவனது சொல்லை மதிக்கிறோம் என்பதற்கு அதைவிட அடையாளம் வேறில்லை.

பெரியதாழைக் கரையில் அன்று அப்பெரியவர் சொன்னதைக் கேட்ட இளைஞர்கள் சிரித்தார்கள். ஒருவன் மட்டும் ஒலிபெருக்கியைத் தணித்துவிட்டு, "அப்ப நீங்க ஒண்ணு படிங்க தாத்தா" என்றான். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு அம்பா ஒன்றை எடுத்தார். இரண்டாம் அடியில் அவன் கை, தன்னை அறியாமல், மடியில் கிடந்த வலைக்கயிற்றைப் பற்றியது.