எஜமானை இழந்த கன்ட்ரோலர்

லண்டனில் வசிக்கும் என் தமக்கை மகன், மேஜை இழுப்பறையில் மூன்று வருஷமாக அஞ்ஞாதவாசம் இருந்த கூகுளின் ஸ்டேடியா என்ற இணைய வீடியோ ஆட்டச் சேவைக்கான தன் கன்ட்ரோலரைச் சென்ற மாதம் என்னிடம் தந்து, "மாமா, இதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், பார்த்தாலே துக்கமாக இருக்கிறது" என்றான். எனக்கு அது துக்கத்துக்குரிய வஸ்துவாகத் தோன்றவில்லை. உள்ளங்கைக்கு இசைந்த வளைவும், விரல் தானே சென்று படியும் பொத்தான்களும் கொண்ட அதை ஒரு மணி நேரம் பிடித்திருந்தும் கை சலிக்கவில்லை.

மற்றக் கன்ட்ரோலர்கள் எதிரே இருக்கும் கன்சோல் பெட்டியோடு பேச, இதுவோ வைஃபை வழியாகக் கூகுளின் தொலைதூரக் கணினியோடு நேரே சம்பாஷித்தது என்பதே, 2019 நவம்பரில் இது வெளிவந்தபோது இதன் விசேஷம். மேகம் எனப்படும் அத்தொலைதூரக் கணினியிலேயே ஆட்டம் நடக்கும். காட்சி மட்டும் வீடியோவாக இங்கே வரும். தூரத்தால் தாமதம் நேராதா என்ற சந்தேகம் இயற்கையே. ஆயினும் கண்ணாடி இழையில் ஒளி மில்லிசெகண்டுக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர் செல்வதால், 1000 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கணினிக்குப் போய்வர 10 மில்லிசெகண்டே பிடிக்கும். விநாடிக்கு 60 பிரேம் ஓடும் ஆட்டத்தில் அது ஒரு பிரேமின் ஆயுளுக்கும் குறைவு. தாமதத்தின் பெரும்பகுதி, காட்சியைச் சுருக்கி விரிப்பதிலும், வீட்டு வைஃபையின் நெரிசலிலும் விளைவது. அடுத்த அறையில் யாரேனும் சினிமா பார்க்கத் தொடங்கினால், ஆட்டத்துக் குத்துச்சண்டை வீரன் அடி வாங்கிய பிறகே கையை உயர்த்துவான்.

இவையெல்லாம் காலத்தில் தீரக்கூடிய குறைகள். 2023 ஜனவரி 18-ஆம் தேதி ஸ்டேடியா மூடப்பட்டதே தீராத விஷயம். வாங்கிய ஆட்டங்களுக்கு விலையைத் திருப்பித் தந்தார்கள்; மெச்சத்தக்க நாணயந்தான். ஆனால் ஆட்டங்கள் போயின. கன்ட்ரோலரைப் புளூடூத்துக்கு மாற்றிக்கொள்ள ஒரு வழியும் செய்து தந்தார்கள். ஒருமுறை மாற்றினால் பழைய நிலைக்குத் திரும்பாது. இப்போது ஸ்டேடியா பொத்தானையும் ஒய் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் ஆரஞ்சு விளக்கு மினுக்கி, இணைந்ததும் வெண்மையாகிறது. கூகுள் அசிஸ்டன்டை அழைக்கும் பொத்தானும் இருக்கிறது. அழைத்தால் வருவதற்குத்தான் ஆள் இல்லை.

அதே வீட்டில், 1992-இல் வாங்கிய சூப்பர் நின்டெண்டோ கன்சோலும் உண்டு. ஆட்டத்தைச் சேமித்து வைக்கும் பாட்டரி ஒரு கேசட்டில் தீர்ந்துபோக, பையன் அதைத் தானே பற்றவைத்து மாற்றிவிட்டான். யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை.

ஆகவே கன்சோலே ஜயித்தது என்று தீர்ப்பளிக்க எனக்கு ஆசைதான். ஆனால் 2024-இல் வந்த பிளேஸ்டேஷன் 5 புரோவில் டிஸ்க் போடும் இடமே இல்லை. தனியே வாங்கிப் பொருத்த வேண்டும். 2025-இன் ஸ்விட்ச் 2-க்கு விற்கும் அட்டைகள் சிலவற்றிலோ ஆட்டமே கிடையாது. இணையத்திலிருந்து அதை இறக்கிக்கொள்ளும் உரிமை மட்டுமே அடக்கம். மேகத்தைப் பரிகசித்த பெட்டிகளே மேகத்தின் குணத்தைச் சுவீகரித்துக்கொள்வதைக் காண்கிறேன். ஸ்டீம் டெக் போன்ற கைக்கணினியில் வாங்குவதும் உரிமந்தான். எனினும் இறக்கிவைத்த ஆட்டங்களிற் பல, இணையமில்லாத ரயிலிலும் ஓடுகின்றன.

நான் இந்தக் கன்ட்ரோலரை ஒரு ஸ்டீம் டெக்கோடுதான் இணைத்திருக்கிறேன். பழைய சாமான் கடையில் யாரேனும் இதைக் கண்டால், புளூடூத்துக்கு மாற்றியாகிவிட்டதா என்று கேட்டறிந்த பின் தயங்காமல் வாங்கலாம். இயர்போனை மட்டும் இதில் செருகிப் பயனில்லை, புளூடூத்தில் அந்தத் துளை ஊமை.