வெகுளியும் பொறுமையும்: ‘கருக்கு’ பற்றி ஓர் ஆய்வு

அமெரிக்க மதுரை மிஷன் நிறுவிய நிலையங்களுள் வத்தலக்குண்டும் ஒன்று. பிற்காலத்தே சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதிக்கு முதற்கண் பதிப்பாசிரியராய் அமர்ந்த ஜே. எஸ். சாண்ட்லர் அவ்வூரில் பாதிரியாராய்ப் பணிபுரிந்தவர்; அம்மிஷனின் எழுபத்தைந்தாண்டு வரலாற்றை எழுதியவரும் அவரே. அம்மிஷன் வரலாற்றில் 1847 பெரும்பூசல் விளைத்த ஆண்டு. சாதியைக் கைவிடாதார்க்கு மிஷனில் ஊழியமில்லை என அவ்வாண்டில் முடிவு செய்யப்பெற்றது. தாழ்த்தப்பட்டோர் சமைத்த உணவை உண்டு காட்டுதலே அதற்குரிய சோதனை. உபதேசியாருள்ளும் பசுமலைச் செமினரி மாணவருள்ளும் பலர் அதற்கு உடன்படாது வெளியேறினர்.

தஞ்சைத் திருச்சபையில் இப்பூசல் இதற்கு முன்னரே எழுந்துவிட்டது. ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடிய வேதநாயக சாஸ்திரியார் 1829-இல் சாதி வழக்கத்திற்குச் சார்பாகவே நூல் எழுதினார். 1833-இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் சாதியை உடனே முற்றாக விடுமாறு ஆணையிட்டார். சாஸ்திரியாரின் சினம் சாதி ஒன்றுபற்றியது மட்டுமன்று. பழைய வேதமொழிபெயர்ப்பை மாற்றியதும், தமிழ்ப் பாடலையும் விழாவையும் புதிய பாதிரிமார் இழித்ததும் அவரைப் புண்படுத்தின. வெள்ளையரின் செருக்கை உணர்ந்த அவர் தம் சபையின் கடையிருக்கையில் அமர்ந்தார் பட்ட இழிவை உணரவில்லை. பெரும்புலவர் ஒருவரிடத்து இக்குறை காணப்படுதல் வருந்தத்தக்கதே, எனினும் மறைத்தற்குரியதன்று.

மிஷனாரிடத்தும் ஒரு முரண் உண்டு. 1845-இல் அவர்கள் கொடைக்கானல் மலைமேல் தமக்கென இல்லம் எடுத்தனர். 1901-இல் தம் மக்களுக்கென அங்கே பள்ளியும் அமைத்தனர். சமவெளியின் வெம்மைக்கும் நோய்க்கும் அஞ்சியே மலையேறினர் என்பது உண்மை. ஆயினும், ஒருங்கிருந்து உண்க எனப் பிறர்க்கு விதித்தவர் வேறாய் வாழ்ந்தனர் என்பதும் உண்மையே. வத்தலக்குண்டினின்று அம்மலைக்கு ஏறும் சாலையில் செல்வார்க்கு இது தோன்றாமற் போகாது.

ஆணையிட்டவர் ஒருபுறம், மறுத்தவர் ஒருபுறம் என நின்ற இவ்வழக்கில் இழிவுபட்டோர் குரல் எங்கே? இலக்கியத்தில் அது வலுவாய் ஒலிக்க நெடுங்காலம் ஆயிற்று. 1992-இல் வெளிவந்த பாமாவின் ‘கருக்கு’ அத்தகையதோர் நூல். இவர் கூறுவது கத்தோலிக்கச் சபையின் நிலை. மிஷன் வேறு, காலம் வேறு. வினா மட்டும் ஒன்றே: அநீதி இழைக்கப்பட்டார்க்குச் சமயம் கற்பிப்பது யாது?

தொல்காப்பியர் வெகுளி பிறக்கும் களனாக உறுப்பைச் சிதைத்தல், குடியை நலிதல், அலைத்தல், கொல்லுதல் என நான்கு கூறுவர். ‘கருக்’கின் வெகுளி இந்நான்கனுட்பட்டதே, தன்னலச் சினமன்று. இடுகாடு பற்றிய பூசலில் காவலர் சேரியுட் புகுந்து ஆடவரை அடித்தமையும், ஒளிந்துறைந்த தந்தை மகனின் அடக்கத்தைக் காணச் சேலையுடுத்து வரநேர்ந்தமையும் குடியை நலிந்த கொடுமைகள். ஆசிரியர் இவற்றை உரத்துப் பேசாது சொல்லிச் செல்கின்றார். பெண்களின் துணிவு அவ்விடத்தே இயல்பாகவே புலனாகின்றது.

இதனினும் நுண்ணியது வடைப்பொட்டலக் காட்சி. முதியவர் ஒருவர் பொட்டலத்தைக் கையாற் பற்றாது கயிற்றைப் பிடித்துத் தூக்கிச் செல்லக் கண்ட சிறுமி நகைக்கின்றாள். தீண்டினால் தீட்டு என்பதாலேயே அவர் அவ்வாறு ஏந்தினார் எனத் தமையன் விளக்கியபின் நகை வெகுளியாய் மாறுகின்றது. ஒரு மெய்ப்பாடு பிறிதொன்றாய்த் திரியும் அக்கணத்திலேதான் இந்நூலின் ஆற்றல் அனைத்தும் உள்ளது எனத் துணிந்து கூறுவோம். அறியாமையின் நகையை முதலில் வைத்தமையாலேயே பின்வரும் வெகுளியைப் படிப்போர் நம்புகின்றனர்.

துறவு மடத்துட் சென்ற பின்னரும் இவ்வெகுளி தணியவில்லை. ஏழைப் பிள்ளைகட்குத் தொண்டு செய்யப் புகுந்தவர் செல்வர் பிள்ளைகட்கான பள்ளியையும், அங்கே ஏவற்பணி செய்யும் தலித் சிறாரையும் காண்கின்றார். பணிவும் பொறுமையும் போதிக்கப்பட்டனவேயன்றி, அநீதி கண்டு சினக்கும் இறைவன் மறைக்கப்பட்டான் என்பது அவர் குற்றச்சாட்டு. அவர் சமயத்தை மறுப்பவரல்லர். மறைநூலைக் கொண்டே மடத்தை அளக்கின்றார்.

குறளிலும் பொறையுடைமையும் வெகுளாமையும் உளவே என வினவலாம். தன் சினம் பலிக்குமிடத்தில் அதனைக் காப்பவனையே வள்ளுவர் உண்மையில் காப்பவன் என்கின்றார். வலியார்க்குரிய அவ்வறத்தை மெலியார்மேற் சுமத்துதல் பொருந்தாது. பலிக்காவிடத்துச் சினம் தீது என்றும் அவரே கூறுகின்றார், அதனை விலக்கவியலாது. ஆயின் அது மெலியார் தமக்கே கேடு சூழ்ந்துகொள்ளாமைக்கு உரைத்த எச்சரிக்கையேயன்றி, அடித்தவனுக்கு அளித்த காப்பன்று. பாமாவின் சினம் கைமிகாது நூலாய் வடிந்தமையை இவ்விடத்து எண்ணுதல் தகும்.

நூல் முழுதும் ஒரே தரத்ததன்று. இறுதிப் பகுதியில் கதைமாந்தர் மறைந்து அறிவுரை மிகுகின்றது. எந்தப் பிரசங்க மேடையை அவர் மறுத்தாரோ அதன் தொனியே ஓரோவிடத்து மீள்கின்றது. காலவரிசை இன்மையைக் குறையெனக் கொள்வார்க்கு நாம் உடன்படோம். ஒரே வாழ்வை இயல்தோறும் புதிதாய்த் தொடங்கி ஆராயும் இம்முறை, கிறித்தவத் துறவியர் நாள்தோறும் செய்யும் உள்ளத்தாய்வை ஒத்தது. மடம் கற்பித்த பயிற்சியை மடத்தின்மீதே செலுத்தியமையால் அமைந்த வடிவம் இது.