விளக்கவுரையைத் தின்னும் அறை

மாணவர்கள் செய்யும் சோதனைப் படத்தையோ சோதனை ஒலியையோ பார்க்கப் போனால், எனக்கு முதலில் வரும் கேள்வி ஒன்றுதான். பக்கத்தில் ஒட்டியிருக்கும் விளக்கத் தாளைக் கிழித்துவிட்டால் இது என்ன ஆகும்?

பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படித்தபோது, ஒலியும் அசையும் படமும் பற்றிய பாடம் ஒன்றை விருப்பப் பாடமாக ஒரு செமஸ்டர் எடுத்தேன். ஐந்து நிமிடத்தில் ஒரு படைப்பு, கூடவே அதைப் பற்றி 1,500 சொல்லில் ஓர் ஆய்வு. படைப்புக்கு 40 மதிப்பெண், ஆய்வுக்கு 60. கணக்கு தெரிந்த யாரும் எதில் மெனக்கெடுவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. செமஸ்டர் கடைசியில் போட்ட படங்களில் மழை மெதுவாகப் பெய்தது, ரயில் பின்னோக்கி ஓடியது, வானொலி இரைச்சலுக்கு நடுவே யாரோ மூச்சு விட்டார்கள். சுவரில் ஒட்டிய தாள்களில் ‘நினைவு’, ‘அடையாளம்’, ‘இடப்பெயர்வு’. மழைக்கான தாளை ரயிலுக்குப் பக்கத்தில் மாற்றி ஒட்டியிருந்தாலும் எதுவும் கெட்டிருக்காது. எனக்குப் பிரச்சினையே அதுதான். எந்தப் படைப்புக்கும் பொருந்துகிற விளக்கம் எந்தப் படைப்பையும் விளக்குவதில்லை.

அதுக்காக விளக்கமே கூடாது என்று சொல்ல வரவில்லை. இந்தத் துறையின் மிக நல்ல படைப்புகளில் ஒன்று முழுக்க முழுக்க விளக்கத்தால் ஆனது.

அமெரிக்க இசையமைப்பாளர் ஆல்வின் லூசியர் 1969இல் செய்த ‘ஐ ஆம் சிட்டிங் இன் எ ரூம்’ அது. ஒருவர் ஓர் அறையில் உட்கார்ந்து, தான் என்ன செய்யப்போகிறேன் என்பதைச் சாதாரணமாகப் பேசிப் பதிவு செய்கிறார். பதிவை அதே அறையில் ஒலிக்கவிட்டு மறுபடி பதிகிறார். அந்தப் பதிவையும் ஒலிக்கவிட்டு மறுபடி. ஒவ்வோர் அறைக்கும் அதன் நீள அகலத்துக்கு ஏற்ற சில அதிர்வெண்கள் உண்டு. அவற்றை அறை தூக்கிக் கொடுக்கும், மற்றவை மங்கும். ஒரு தடவையில் காதுக்குத் தெரியாத இந்த ஓரவஞ்சனை, சுற்றுக்குச் சுற்று கூடிக்கொண்டே போகிறது. கடைசியில் சொற்கள் கரைந்து, நீண்ட உலோக நாதம் போல ஏதோ ஒன்று மிஞ்சுகிறது. 1980இல் பதிவான வடிவத்தில் 32 சுற்றுகள், சுமார் 45 நிமிடம்.

லூசியருக்குத் திக்குவாய். தாளம் என்ற பொருளுடைய சொல் வரும் இடத்திலேயே திக்குகிறார். இதைப் பௌதிக உண்மையைக் காட்டும் சோதனையாக அல்ல, தன் பேச்சின் மேடு பள்ளங்களைச் சமன்செய்யும் வழியாகவே பார்ப்பதாக அந்தப் பேச்சிலேயே சொல்லிவிடுகிறார். ஆக, விளக்கத் தாளில் இருக்க வேண்டியதெல்லாம் படைப்புக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அது சுவரில் பத்திரமாகத் தொங்கவில்லை. அறைக்குள் இறங்கி, எல்லா ஒலிக்கும் நேர்வதைத் தானும் அனுபவித்து அழிகிறது. இதன் துணையாக மேரி லூசியர், அறையின் போலராய்டு படம் ஒன்றைப் பிரதி எடுத்து, பிரதியைப் பிரதி எடுத்து, ஒரு படவரிசை செய்தார். 1970இல் நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் ஒலியும் படமும் சேர்ந்தே அரங்கேறின. காதுக்கு நடந்தது கண்ணுக்கும் நடந்தது.

இதைத் தமிழில் செய்தால் என்ன கேட்கும் என்பதுதான் என் ஐந்து நிமிடப் படைப்பு. ஹாஸ்டல் அறை 4 மீட்டருக்கு 3 மீட்டர். சிமெண்டுச் சுவர், இரண்டு இரும்புக் கட்டில். நம்ம ஊர் 30 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். அப்படியென்றால் அறையின் நீளவாக்கில் ஏறத்தாழ 44 ஹெர்ட்ஸ், அகலவாக்கில் 58. கைக்குள் அடங்கும் ஸ்பீக்கரால் அவ்வளவு தாழ்ந்த ஒலியைத் தர முடியாது. எனவே அவற்றின் மடங்குகள்தான் மேலே வரும் என்று காகிதத்தில் போட்டு வைத்திருந்தேன். 20 நொடிப் பேச்சு, 15 சுற்று. மின்விசிறியை நிறுத்தவே இல்லை. விசிறி ஓடாத அறை எங்கள் ஹாஸ்டலில் கிடையாது, அதனால் அதுவும் அறையின் குரல்தான் என்று முடிவெடுத்தேன்.

மூன்றாவது சுற்றிலேயே ச, ஸ இரண்டும் காணாமல் போயின. ஐந்தாவதில் டகரமும் றகரமும் முனை மழுங்கின. எட்டாவதுக்கு மேல் மெய்யெழுத்து என்று எதையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் ஒன்று மட்டும் போகவே இல்லை. நெடில் நீண்டது, குறில் சட்டென்று முடிந்தது, ஒற்று விழுந்த இடத்தில் சின்ன இடைவெளி இருந்தது. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த மாத்திரைக் கணக்கு இது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. அறை எழுத்தைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பிவிட்டது. தொல்காப்பியம் மாத்திரைக்குச் சொல்லும் அளவு கண் இமைக்கும் நேரம் அல்லது விரல் நொடிக்கும் நேரம். ஒலியின் நீளத்தைக் கண்ணிமையால் அளந்தவர் படத்தொகுப்பு அறையிலும் வேலைக்கு ஆகியிருப்பார் என்று தோன்றியது.

வகுப்பில் போட்டபோது, சொற்கள் புரியாமல் போகும் நொடியில் கை தூக்கச் சொன்னேன். மலாய், சீன நண்பர்கள் முதல் சுற்றிலேயே தூக்கிவிட்டார்கள். அவர்களுக்குத் தொடக்கத்திலிருந்தே அது இசை. தமிழ் தெரிந்த இருவரில் ஒருவர் ஆறாவது சுற்றில் தூக்கினார். இன்னொருவர் தூக்கவே இல்லை. அவர் என் அறைத்தோழர். நான் எழுதிப் பழகும்போதே கேட்டவர். “எனக்குக் கடைசி வரைக்கும் புரிஞ்சிச்சுடா. நீ என்ன சொல்லுவேன்னு முன்னாடியே தெரியும்ல” என்றார்.

அந்தச் செமஸ்டரில் நான் கேட்ட மிகச் சரியான விமர்சன வாக்கியம் அதுதான். பதினைந்தாவது சுற்றில் அங்கே சொல்லே இல்லை. ஆனாலும் முன்கூட்டியே தெரிந்தவருக்கு அது கேட்கிறது. சுவரில் ஒட்டிய தாள் செய்வதும் இதைத்தான். ‘இடப்பெயர்வு’ என்று படித்துவிட்டு மழையைப் பார்த்தால் மழையில் இடப்பெயர்வு தெரியும். தெரிவது மழையிலிருந்து வரவில்லை.

சினிமாவில் இதற்கு நல்ல உதாரணம் மைக்கேல் ஸ்னோவின் ‘வேவ்லெங்த்’ (1967). எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் ‘ஓர் அறையின் குறுக்கே 45 நிமிட ஜூம்’ என்றுதான் இருக்கும். அந்தச் சுருக்கத்தைப் படித்தவர் பலருக்குப் படத்தைப் பார்க்கத் தேவையே இருப்பதில்லை. பார்த்தால் அந்தச் சுருக்கம் தாங்காது. ஜூம் வழுக்கிக்கொண்டு போவதில்லை, தயங்குகிறது, குதிக்கிறது. சட்டம் திடீரென்று ஒரே நிறத்தில் மூழ்குகிறது. பகல் இரவாகிறது. புத்தக அலமாரியைக் கொண்டுவந்து வைக்கிறார்கள், ரேடியோ கேட்கிறார்கள். ஓர் ஆள் தள்ளாடி வந்து தரையில் விழுந்து சாகிறார். பிறகு ஒரு பெண் வந்து, பிணம் கிடக்கிறது என்று யாருக்கோ போன் செய்கிறாள். கேமரா அதற்குள் அவரைத் தாண்டிப் போய்விட்டது. அது சுவரில் இருக்கும் கடலலைப் புகைப்படத்தை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கிறது. கூடவே ஒரு மின்னொலி 50 ஹெர்ட்ஸில் தொடங்கி 12,000 வரை ஏறுகிறது. கிட்டத்தட்ட எட்டு ஸ்தாயி. அந்த ஒலி ஏற ஏற, செத்தவரை விட்டுவிட்டு வந்த குற்றவுணர்ச்சி பார்க்கிறவரின் கழுத்தைப் பிடிக்கிறது. ‘45 நிமிட ஜூம்’ என்ற வாக்கியத்தில் இந்தச் சாவுக்கு இடமில்லை. ஒரு மனிதன் செத்ததையே விட்டுவிடக்கூடிய சுருக்கத்தை எப்படி ஆய்வு என்பது?

1968இல் ஸ்டீவ் ரைக் எழுதிய சிறு கட்டுரையில் ஒரு நிபந்தனை வைக்கிறார். செயல்முறை என்று ஒன்று இருந்தால் அது கேட்கும்போதே காதில் விழ வேண்டும், தாளுக்குள் ஒளிந்திருக்கக் கூடாது. நான் அதோடு ஒன்று சேர்ப்பேன். காதில் விழுந்தது செயல்முறையை மீறியும் இருக்க வேண்டும். லூசியரின் விதியைத் தெரிந்துகொண்டு கேட்டாலும், பேச்சு எந்த நொடியில் இசையானது என்று யாராலும் சொல்ல முடியாது. படைப்பு இருப்பது அந்த மங்கலான இடத்தில். விதியை மட்டும் எழுதிக் கொடுக்கும் ஆய்வு அந்த இடத்துக்குப் போவதே இல்லை.

இது ஏதோ கேமரா பிடிக்கிறவர்கள் பிரச்சினை என்று இலக்கிய வாசகர்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது. நம் கவிதைத் தொகுப்புகளைத் திறந்து பாருங்கள். வாழ்த்துரை, அணிந்துரை, என்னுரை எல்லாம் தாண்டித்தான் முதல் கவிதை. கவிஞர் எதைச் சொல்ல வருகிறார் என்று மூன்று பேர் சொல்லி முடித்த பிறகு நாம் என் அறைத்தோழரைப் போல ஆகிவிடுகிறோம். அங்கே இல்லாத சொல்லும் கேட்கிறது. பிறகு அதையே மதிப்புரையாக எழுதுகிறோம். எழுத்தாளர் வெளியீட்டு விழாவில் ஒரு தடவை கேட்டதை இதழில் இன்னொரு தடவை படிக்கிறார், சந்தோஷப்படுகிறார். இந்தச் சுற்றில் கரைந்து போவது கவிதை மட்டும்தான்.

படம் எடுக்கும், ஒலி செய்யும் இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது சிறிய விஷயம். தாளை எழுதுங்கள், ஆனால் படைப்பு முடிந்த பிறகு, எத்தனையாவது நிமிடத்தில் என்ன கேட்டது என்று தொடங்கி எழுதுங்கள். உங்கள் மொழி தெரியாத ஒருவரையும், உங்களை நன்றாகத் தெரிந்த ஒருவரையும் பக்கத்தில் உட்கார வைத்துப் போட்டுக் காட்டுங்கள். இரண்டு பேரும் வேறு வேறு இடத்தில் கை தூக்குவார்கள். அந்த இரண்டு இடத்துக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று எழுதினாலே 1,500 சொல் போதாது.